சுவரில் பூக்கும் பூசணம்



அக்டோபர், நவம்பர் மழையில் நம் பத்து காஜா வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் அலமாரியை நகர்த்திப் பார்த்தால், சுவரில் கறுப்பாகப் படர்ந்திருக்கும். மக்கிய வாடை அடிக்கும். அதுதான் பூசணம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய், தன் ஆறு வயது மகனை இளைப்போடு அடிக்கடி தூக்கி வருவார். "வீட்டைச் சுத்தமா வச்சுக்கங்கம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவேன். ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "டிரெசர் ஐயா, வாரா வாரம் தேய்ச்சுக் கழுவுறேன். மறுபடியும் வருதே! நீங்களே வந்து பாருங்க" என்றார். போனேன். வீடு பளிச்சென்று இருந்தது. கூரைத் தகரத்தில் ஓர் ஆணித் துளை. அதன் வழியாக இறங்கிய மழைத் தண்ணீர், பையன் படுக்கும் பக்கத்துச் சுவரில் ஊறிக்கொண்டிருந்தது. அந்தம்மா கழுவக் கழுவச் சுவருக்கு இன்னும் ஈரம்தான் சேர்ந்தது.

பூசணத்தின் வித்து காற்றில் எப்போதும் மிதக்கிறது. அதை ஒழிக்க யாராலும் முடியாது. பலகை, காகிதம், தூசி எல்லாம் அதற்குத் தீனி. அதுவும் வீட்டில் இல்லாமல் போகாது. நாம் கொடுக்காமல் இருக்கக்கூடியது தண்ணீர் ஒன்றுதான். நனைந்த இடம் ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிட்டால் பூசணம் பிடிக்காது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

பழைய பலகை வீடுகள் தூண்மேல் நின்றன. அடியில் காற்று ஓடியது. பலகை இடுக்கிலும் ஓடியது. அவற்றில் ஒழுக்கு உண்டு, ஆனால் சீக்கிரம் காயும். பிறகு வந்த கல்வீடுகளின் சிமெண்டுத் தரை மண்மேல் உட்கார்ந்திருக்கிறது. செங்கல்லும் சிமெண்டும் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். வில்லியம் கெல்லி சுமித் துரை 1926இல் இறந்ததும் பாதியில் நின்றுபோன கெல்லி மாளிகையை நம்மில் பலர் பார்த்திருப்போம். நம் முன்னோர் உழைப்பும் அதில் இருக்கிறது. அவ்வளவு தடித்த செங்கல் சுவரானாலும் சரி, ஈரத்துக்கு அது தடை ஆகாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது வீட்டுக் காற்றில் உள்ள ஈரம்: உள்ளே காயப்போட்ட துணி, மூடிய ஜன்னலோடு சோறு வடித்த ஆவி, குளியலறை ஈரம். இதற்கு ஜன்னல் திறந்தால் பாதி வேலை முடிந்தது. கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

சுவரிலிருந்து வருகிறது என்றால் இடத்தைப் பாருங்கள். முழங்கால் உயரம்வரை கறுத்து உப்புப் பூத்திருந்தால் மண்ணின் ஈரம். சுவரை ஒட்டிக் குவித்த மண்ணையும் பூச்செடிப் பாத்தியையும் விலக்கி, வீட்டைச் சுற்றியுள்ள காணைச் சுத்தம் செய்யுங்கள். மேலே கறை என்றால் கூரைதான்.

இனிப் பொருள்கள். சமையலறையை இழுத்துக் கட்டும்போது மலிவென்று பிளைவுட், சிப்போர்டு வாங்குகிறார்கள். நனைந்தால் ஊதிப்போகும், பூசணத்துக்கும் நல்ல விருந்து. ஜிப்சம் பலகைமேல் காகிதம் ஒட்டியிருக்கும், அதுவும் அப்படித்தான். ஈரம் படும் இடத்துக்குச் சிமெண்டுப் பலகை போடுங்கள். புதுத் தரை போட்டால் சிமெண்டுக்கு அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிக்கச் சொல்லுங்கள். ஈரத் தரையில் ரப்பர் பாய் விரிக்காதீர்கள், அடியில் மூடிவைத்து வளர்ப்பதுபோல் ஆகும்.

ஈரச் சுவருக்கு எண்ணெய்ப் பெயிண்டு அடிப்பதும் இதே கதைதான். உள்ளே நீர் அடைபட்டுப் பெயிண்டு உரிந்து விழும். நம் ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள் நிற்கின்றன. அந்தக் காலத்தில் லயத்துக்கு வெள்ளை அடித்தது அழகுக்காக மட்டும் அல்ல. சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வளராது, சுவரும் மூச்சு விடும். ஆனால் பெயிண்டுமேல் சுண்ணாம்பு ஒட்டாது. கண்ணில் பட்டால் புண்ணாக்கும், கவனம்.

இருக்கிற பூசணத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்ந்தபடி சுரண்டினால் வித்து பறக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்; இளைப்புக்காரர் வெளியே இருக்கட்டும். கிளோராக்ஸ் போட்டால் கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், விஷப்புகை கிளம்பும். பழைய அஸ்பெஸ்டாஸ் தகடைத் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது.

தோட்டம் கொடுத்த வீடானால், அதைப் பழுது பார்த்து வைப்பது முதலாளியின் கடமை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் இதற்காகவே உள்ளது. ஒழுகும் இடத்தையும் தேதியையும் எழுதி ஆபீசில் கொடுங்கள். ஒரு நகல் கையில் இருக்கட்டும். நடக்காவிட்டால் கிளைச் செயலாளரிடம் அந்த நகலைக் காட்டுங்கள்.

அந்தப் பையன் வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்றினார்கள். சுவர் காய மூன்று வாரம் ஆனது. இளைப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவனுக்குப் பம்பு இன்னும் வேண்டியிருக்கிறது. ஆனால் இரவில் தூக்கி வருவது குறைந்துவிட்டது. அந்தம்மாவிடம் "சுத்தமா வச்சுக்கங்க" என்று நான் மறுபடி சொல்லவில்லை.