வீதிக்கும் பந்தயத் தடத்திற்கும் ஏற்ற டயர்

மோட்டார் வண்டி எத்துணை ஆற்றலுடையதாயினும், அது நிலத்தைத் தொடுவது நான்கு உள்ளங்கையளவு ரப்பரினாலேயாம். வீதியில் ஓட்டும் வண்டியையே ஓய்வு நாளில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் செலுத்த விழைவோர்க்கு எவ்வகை டயர் தகும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பந்தய டயரின் ரப்பர் நன்கு சூடேறி இளகிய பின்னரே தரையை இறுகப் பற்றும். கடைத்தெருவிற்குச் சென்று மீளுங்கால் அச்சூடு எங்ஙனம் உண்டாகும்? அன்றியும் அதன் வரிப்பள்ளங்கள் மிகக் குறைவு. மழைக்காலத்தில் நீர் விலக வழியின்றி டயர் நீரின்மேல் மிதக்குமாயின், பிரேக்கும் பயன்படாது, திருப்புசக்கரமும் பயன்படாது. சாதாரண வீதி டயரோ பந்தயத் தடத்தில் சில சுற்றுக்களுக்குள் அளவிறந்து சூடேறி வழுக்கத் தொடங்கும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டனவும் உள. டயரின் விலாவில் பொறித்துள்ள தேய்மான எண் 200 அளவினதாயின், அஃது இவ்வினத்தைச் சார்ந்ததெனப் பெரும்பாலும் கொள்ளலாம். ஆயின் அவ்வெண்ணை இடுபவர் டயரைச் செய்தவரே. தம் சரக்கிற்குத் தாமே கூறும் மதிப்பாதலின், இரு கம்பெனிகளின் எண்களை ஒப்பிட்டுத் துணிதல் தகாது.

ஒரே தொகுதி டயர் வாங்குவோர் மழைநீரை விலக்கும் ஆழ்ந்த பள்ளங்களுடையதையே கொள்க என்பது நம் துணிபு. தடத்தில் இழப்பது சில விநாடிகள். வீதியிலோ எதிரே பிறரும் வருகின்றனர். சூட்டினால் டயரினுள் அழுத்தம் மிகுமாதலின், தடத்தில் காற்றைச் சிறிது குறைப்பது வழக்கம். வீடு திரும்புமுன் அதனை மீண்டும் நிரப்புதல் வேண்டும்.