தனுஷ்கோடி நிலையத்தை மூடியது புயல் மட்டுமா?

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல்தான் தனுஷ்கோடி ரயில் நிலையத்துக்கு முடிவு கட்டியது என்று படித்தே வளர்ந்திருக்கிறோம். பாம்பனிலிருந்து வந்த 653 எண் பாசஞ்சர் ரயில், நிலையத்தை நெருங்கும் நேரத்தில் பேரலையில் சிக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. அந்தத் துயரத்தின் கனத்தில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது. அதே புயல் பாம்பன் பாலத்தின் இரும்பு கர்டர்களையும் கடலில் தள்ளியது. ரயில்வே பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில் வேலை நடந்து, 46 நாளில் பாலம் சீராகி ராமேஸ்வரத்துக்கு ரயில் ஓடியது. தனுஷ்கோடிக்கு மட்டும் ஏன் ஓடவில்லை?

நிலையம் எதற்காக அங்கே வந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். அது இலங்கைக்காக வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போகும் 'போட் மெயில்' பயணம் இந்த வழிக்கு மாறியது. தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி, கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடிப்பார்கள். சுங்க அலுவலகம், தபால் நிலையம் என்று ஊரின் பிழைப்பே அந்தக் கப்பலைச் சுற்றித்தான் இருந்தது. புயலுக்குப் பிறகு கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். 1984 வரை அங்கிருந்துதான் ஓடியது. கப்பல் இடம் மாறியபோதே தனுஷ்கோடி நிலையத்தின் தேவை முடிந்துவிட்டது. புயல் கட்டடத்தைச் சாய்த்தது. கைவிட்டது மனிதர்களின் முடிவு.

இருபுறமும் கடல் நெருக்கும் மணல்திட்டில் மறுபடி தண்டவாளம் போட்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்ததில் தவறு காண்பதற்கில்லை. 2019-ல் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டியும் வேலை நடக்கவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை. ஆனால், ரயில் வேண்டாம் என்பது ஒன்று, நிலையத்தை மறந்துவிடுவது வேறு. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் வண்டி வண்டியாகக் கூட்டம் போகிறது. மிஞ்சியிருக்கும் சுவர்களைப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, உள்ளே வைத்த கல் தெரிகிறது. உப்புக்காற்று அதைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. போதாததற்குப் பெயர் கிறுக்கும் கைகள் வேறு. இரு நாட்டைச் சேர்த்த நிலையம் இது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் கடைசிப் பயணம் வந்து முடியாத இடமும் இதுவே. சுற்றி ஒரு வேலி, வரலாறு சொல்லும் ஒரு பலகை, ஒரு காவலர்: இவ்வளவையாவது ரயில்வேயும் மாநில அரசும் சேர்ந்து உடனே செய்ய வேண்டும்.