தகுதி நேரம்: மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டியாளர் அறிய வேண்டியவை

போட்டியில் நீந்த விரும்புபவர் அதற்கு முன்பே எட்டியிருக்க வேண்டிய நேர அளவே தகுதி நேரம். அமெரிக்காவில் 18 வயது நிரம்பியோருக்கான நீச்சலை நிர்வகிக்கும் யு.எஸ். மாஸ்டர்ஸ் ஸ்விம்மிங் அமைப்பு, தன் தேசியப் போட்டிகளுக்கான தகுதி நேரங்களை ஆண், பெண், வயதுப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது.

உரிமை

தகுதி நேரத்தை எட்டாதவருக்குத் தேசியப் போட்டியில் இடமில்லை என்று எண்ணி ஒதுங்க வேண்டியதில்லை. தகுதி நேரம் இல்லாமலேயே மூன்று தனிநபர் பந்தயங்கள் வரை நீந்தலாம். அதற்கு மேல் சேரும் பந்தயங்களுக்குத்தான் தகுதி நேரம் வேண்டும். ஆறு பந்தயங்களே உச்சவரம்பு. உலக மாஸ்டர்ஸ் போட்டிக்கு இந்த விதி பொருந்தாது. வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் நடத்தும் அப்போட்டிக்குக் குறைந்தபட்ச வயது 25, விதிகளும் தனி.

வயதுக் கணக்கு

யு.எஸ். மாஸ்டர்ஸ் விதிப்படி, கெஜக் குளப் போட்டியில், போட்டியின் கடைசி நாளன்று நிரம்பியிருக்கும் வயதே கணக்கு. மீட்டர் குளப் போட்டியிலோ அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று நிரம்பும் வயது. 1975 அக்டோபரில் பிறந்தவர், 2025 ஏப்ரலில் நடக்கும் கெஜப் போட்டியில் 45–49 பிரிவில் வருவார். அதே ஆண்டு ஆகஸ்டில் நடக்கும் மீட்டர் போட்டியில் 50–54 பிரிவுக்குப் போய்விடுவார். பிரிவு மாறினால் தகுதி நேரமும் மாறும்.

குளத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 25 கெஜம் என்பது 22.86 மீட்டர்தான். ஒரு குளத்தில் எடுத்த நேரத்தை இன்னொரு குளத்துக்கான பட்டியலோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

ஆபத்து

தகுதி நேரத்தை எட்டும் அவசரத்தில் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பழகுவது உயிருக்கே ஆபத்து. வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும்; மூச்சுவிட வேண்டும் என்ற உந்துதல் எழுவதற்குள் நினைவு தப்பலாம். இப்பயிற்சியைத் தனியாக ஒருபோதும் செய்யக் கூடாது. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புபவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவதே நல்லது.

தொடக்க மேடையிலிருந்து பாய வேண்டிய கட்டாயமும் இல்லை. மாஸ்டர்ஸ் விதிப்படி குளக்கரையிலிருந்து பாயலாம். நீருக்குள் நின்று சுவரை உதைத்தும் தொடங்கலாம். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

நிவாரணம்

தகுதி நேரத்துக்குச் சான்று கேட்கப்படலாம். போட்டியின் பெயர், தேதி, குளத்தின் நீளம், பதிவான நேரம் ஆகியவை உள்ள முடிவுத்தாளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

தகுதி நீக்கம் செய்யப்பட்டால், எந்த விதி மீறப்பட்டது என்று முதலில் கேட்டறிய வேண்டும். வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் விதிகளின்படி, பந்தயம் முடிந்த 30 நிமிடங்களுக்குள் அணிப் பொறுப்பாளர் வைப்புத்தொகை கட்டி, தலைமை நடுவரிடம் எழுத்துமூலம் முறையிட வேண்டும். பந்தயத்துக்கு முன்பே தெரிந்த குறை என்றால், தொடக்க ஒலிக்கு முன்பே முறையிட வேண்டும். நடுவர் மறுத்தால் மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம். முறையீடு ஏற்கப்பட்டால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும்.

தகுதி நேரப் பட்டியல்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. கட்டணம் செலுத்தும் முன், அந்தப் போட்டிக்கான அறிவிப்பில் வயதுக் கணக்கு, குளத்தின் நீளம், தகுதி நேரம் மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.