உப்புக் குறைந்த பாலடைக்கட்டியும் அதன் போஷணை மதிப்பும்

தாமிரபரணியின் தென்கரையில் நெல்லும் வாழையும் செழித்து வளரும் ஆழ்வார்திருநகரியில் வைக்கோலுக்கும் பசும்புல்லுக்கும் குறைவில்லை; ஆகையால் எருமையும் பசுவும் வைத்திராத குடித்தனக்காரர் வீடு அங்கு அரிது. அவ்வூருக்குக் கிழக்கே கடலோரத்தில் ஆறுமுகநேரி முதல் தூத்துக்குடிக்கு அப்பால்வரை உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. இந்தியாவில் உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த ஸ்தானம் தமிழ்நாட்டுக்கு உரியது. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி ஜில்லாவினுடையது. இவ்வாறு பாலும் உப்பும் அருகருகே கிடைக்கும் பிரதேசத்தில் ஜனங்கள் மீனை உப்பிட்டுக் கருவாடாக்கினர். மிளகாயை உப்பு மோரில் ஊறவைத்து வற்றலாக்கினர். ஆனால் பாலை மாத்திரம் உப்பிட்டுக் கட்டியாக்கி வைக்கும் வழக்கம் இங்கு ஏற்படவில்லை. வெப்பம் மிகுந்த இந்நாட்டில் பாலின் கொழுப்பைக் காப்பாற்ற உப்பின் துணை வேண்டியிராமல், நெய்யாக உருக்கினாலே போதுமாயிருந்தது.

மேல்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் சீஸ் என்னும் பாலடைக்கட்டி இப்பொழுது ஜில்லாத் தலைநகரக் கடைகளிலேயன்றிச் சிறு பட்டணங்களிலும் விற்பனையாகிறது. பள்ளிச் சிறுவர்கள் இதை விரும்பி உண்கின்றனர். அதே வீட்டில் இரத்த அழுத்த வியாதியுள்ள பெரியவர்களை வைத்தியர்கள் உப்பைக் குறைக்கும்படி எச்சரிக்கிறார்கள். உப்பைக் குறைத்துச் செய்த பாலடைக்கட்டியில் சத்தும் குறைந்துவிடுமோ என்ற சந்தேகம் இவ்விடத்தில் எழுவது இயல்பே.

ஒரு கிலோ கெட்டிப் பாலடைக்கட்டிக்குச் சுமார் பத்து லிட்டர் பசும்பால் செலவாகிறது. ரென்னெட் என்னும் உறைபொருள் பாலிலுள்ள கேஸின் என்னும் புரதத்தைத் திரளச் செய்கிறது. கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதியும் அத்திரளில் தங்கிவிட, நீரும் பாற்சர்க்கரையும் தெளிநீராக வடிந்துபோகின்றன. இங்ஙனம் செய்த செடார் வகைக் கட்டியில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதமும், 33 கிராம் கொழுப்பும், 700 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து 1,000 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் நிர்ணயித்திருப்பதை நோக்கினால் இதன் மதிப்பு விளங்கும். இச்சத்துக்கள் யாவும் பாலிலிருந்து வந்தவையேயன்றி உப்பிலிருந்து வந்தவை அல்ல. ஆகவே உப்பைக் குறைப்பதால் புரதமாவது சுண்ணாம்பாவது குறைவதில்லை. குறைவது ஸோடியம் ஒன்றே. கொழுப்பும் குறையாது என்பதையும் ஸ்தூல தேகிகள் மறத்தல் ஆகாது.

ஸோடியம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கிராம் சமையல் உப்பில் சுமார் 400 மில்லிகிராம் ஸோடியம் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகவே போதும் என்கிறது; அதாவது 2,000 மில்லிகிராம் ஸோடியத்துக்கு உட்பட்டே இருத்தல் வேண்டும். சாதாரணச் செடாரில் 100 கிராமுக்கு 650 மில்லிகிராம் அளவில் ஸோடியம் உண்டு. கடைகளில் டப்பாவிலும் வில்லைகளாகவும் விற்கும் பதப்படுத்திய சீஸிலோ இது 1,200 முதல் 1,600 வரை செல்வதுண்டு. காரணம், பல கட்டிகளை உருக்கி ஒன்றாக்கும்பொழுது கொழுப்புப் பிரியாதிருக்க ஸோடியம் ஸிட்ரேட், ஸோடியம் பாஸ்பேட் முதலிய லவணங்களைச் சேர்க்கிறார்கள். இவை நாவுக்கு அவ்வளவாக உப்புக் கரிப்பதில்லை. ருசியைக் கொண்டு ஸோடியத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மேலுறையில் அச்சிட்டிருக்கும் வாசகத்தையும் நிதானித்துப் படிக்க வேண்டும். "ஸோடியம் குறைவானது" என்பது வேறு, "ஸோடியம் குறைக்கப்பட்டது" என்பது வேறு. முன்னதற்கு இந்திய விதிப்படி 100 கிராமில் 120 மில்லிகிராமுக்கு மேல் ஸோடியம் இருத்தலாகாது. பின்னதற்கோ வழக்கமான சரக்கைக் காட்டிலும் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தால் போதும். 1,400 மில்லிகிராம் இருந்ததை 1,050 ஆக்கிவிட்டு அப்பெயரை இட்டுக்கொள்ளலாம். அப்பொழுதும் அது சாதாரணச் செடாரைவிட அதிக ஸோடியமுள்ளதே.

உப்பை அடியோடு நீக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பாலடைக்கட்டியில் உப்பு வெறும் ருசிக்காக இடப்படுவதன்று. அது எஞ்சிய தெளிநீரை வெளியேற்றுகிறது, புளிப்பை மட்டுப்படுத்துகிறது, கெடுதலான கிருமிகள் பெருகாமல் காவல் நிற்கிறது, பல மாதம் பழுக்கும் கட்டி கசந்து போகாமலும் தடுக்கிறது. இக்காவலை விலக்கினால், அதன் வேலையைக் குளிர்ச்சியும் சுத்தமும் ஏற்றுக்கொள்ள வேண்டும். உப்புக் குறைந்த கட்டியை வாங்குவோர் அதைக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்துச் சீக்கிரம் உபயோகித்துவிடுவது சிலாக்கியம்.

சில உற்பத்தியாளர்கள் சமையல் உப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாஸியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். அளவு மிஞ்சினால் கசக்கும். பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் சிறுநீரக வியாதியஸ்தர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்காகச் சிலவகை மருந்துகளை உட்கொள்வோருக்கும் பொட்டாஸியம் இரத்தத்தில் மிகுந்து இருதயத்துக்கே அபாயம் நேரலாம். இத்தகையோர் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடலாகாது.

இனி ஆழ்வார்திருநகரிச் சுற்றுவட்டார நிலைமையைக் கவனிப்போர்க்கு ஒன்று புலப்படும். அங்குள்ள குடும்பங்களில் உப்பு மிகுவது பாலடைக்கட்டியினால் அன்று. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், குழம்பு ஆகியவையே அதன் வாசல்கள். இவற்றைத் தாராளமாக விட்டுவிட்டு, விலையுயர்ந்த உப்புக் குறைந்த சீஸைத் தேடிப் பட்டணம் போவது வீண் செலவே ஆகும். உப்பிடாத பாலில் 100 மில்லிக்குச் சுமார் 50 மில்லிகிராம் ஸோடியமே இருப்பதால், தயிரும் மோரும் உப்பிடாதவரை ஸோடியம் குறைந்த ஆகாரங்களே. அமெரிக்காவில் நடந்து 1997-ல் வெளியான ஒரு பிரசித்தமான பரீட்சையில் பழம், காய்கறி, கொழுப்புக் குறைந்த பால் பதார்த்தங்கள் ஆகியவை மிகுந்த உணவு இரத்த அழுத்தத்தைத் தணித்தது. 2001-ல் வெளியான அதன் தொடர்ச்சியில், அவ்வுணவோடு உப்பையும் குறைத்தபோது பலன் இன்னும் அதிகமாயிற்று.

கட்டியாகவே வேண்டுவோர் வீட்டிலேயே பனீர் செய்துகொள்ளலாம்; எருமைப்பால் இதற்கு மிகப் பொருத்தமானது. ஐந்து லிட்டர் பாலை நன்றாகக் காய்ச்சி இறக்கிச் சில நிமிஷம் ஆறவிட வேண்டும். பத்து கிராம் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றி மெதுவாகக் கிளற வேண்டும். (இதைச் சில இடங்களில் எலுமிச்சை உப்பு என்பர், பெயரில் உப்பு உண்டே தவிர இதில் ஸோடியம் கிடையாது.) எலுமிச்சைச் சாறும் உதவும். திரள் பிரிந்து தெளிநீர் இளம்பச்சை நிறமாகத் தோன்றியதும் ஊற்றுவதை நிறுத்திவிடலாம். பிறகு வெளுத்த துணியில் வடித்து, பாரம் ஏற்றி, கட்டி இறுகியபின் குளிர்ந்த சுத்த ஜலத்தில் இரண்டு மணி நேரம் அமிழ்த்த வேண்டும். சுமார் ஒரு கிலோ தேறும். இதில் புரதம் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம். சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி புளிப்பினால் கரைந்து வடிநீரோடு போய்விடுவதால் செடாரைவிட அது குறைவே. ஸோடியமோ மிகச் சொற்பம். சூரத்தில் செய்யப்படும் பனீர் உப்பிட்ட தெளிநீரில் ஊறவைக்கப்படுவதால் அதற்கு இவ்விலக்கணம் பொருந்தாது.

உப்பில்லாத பனீர் கோடையில் ஒரு நாளைக்கு மேல் வெளியில் தாங்காது; குளிர்ப்பெட்டியில் நாலைந்து நாள் வைத்திருக்கலாம். வடிந்த தெளிநீரில் பாற்சர்க்கரையும், கரைந்த சுண்ணாம்பும், சிறிது புரதமும் உள்ளன. அன்றன்றே அதைக் கஞ்சியிலாவது சப்பாத்தி மாவிலாவது சேர்த்துக்கொள்ளலாம். மிஞ்சியதைத் தவிட்டோடு கலந்து மாடுகளுக்கு அளவாக வைக்கலாம்.