பச்சை உறைக்குள் என்ன இருக்கிறது?

சோப்பு, ஷாம்பு, பற்பசை என்று எல்லாவற்றிலும் இப்போது மூலிகை வாசம். வேப்பிலைப் படத்தை மட்டும் நம்பி வாங்குபவர் பல்லையும் முடியையும் தோலையும் கெடுத்துக்கொள்ள நேரலாம்.

கடை அலமாரிகளில் பச்சை நிறத்துக்குத்தான் மவுசு. சோப்பு உறையில் வேப்பிலை, ஷாம்பு பாட்டிலில் நெல்லிக்காய், பற்பசை டியூபில் கிராம்பு. நுரையையும் நறுமணத்தையும் காட்டி விற்றவர்கள்கூட இன்று பாட்டி வைத்தியத்தைக் காட்டி விற்கிறார்கள்.

மூலிகை சோப்பு இந்தியாவுக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரில் ஏற்றுமதி முடங்கி, மைசூர் சமஸ்தானத்தில் சந்தனக் கட்டைகள் தேங்கிக் கிடந்தபோது அதற்கு வழி தேடியதில் பிறந்ததுதான் மைசூர் சந்தன சோப்பு. வேப்பெண்ணெய் கலந்த மார்கோ சோப்பை கல்கத்தா கெமிக்கல் நிறுவனம் விடுதலைக்கு முன்பே கடைகளுக்குக் கொண்டுவந்துவிட்டது. புதிது என்னவென்றால், 'ஹெர்பல்', 'நேச்சுரல்' என்ற சொற்கள் எந்தப் பொருளின் மீதும் ஒட்டிக்கொள்வதுதான். பாட்டிலில் ஒரு துளி கற்றாழைச் சாறு இருந்தாலும் உறை முழுக்கக் கற்றாழை படர்கிறது.

மருந்தா, அழகுப் பொருளா?

குழப்பத்தின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டப்படி, ஒரு பற்பொடியை ஆயுர்வேத மருந்தாகவும் தயாரிக்கலாம், அழகுப் பொருளாகவும் தயாரிக்கலாம். இரண்டுக்கும் உரிமம் வேறு, விதிகள் வேறு, வரியும் வேறாக இருந்தது. அதனால்தான் பற்பொடிகள் உச்ச நீதிமன்றப் படியேறின. பைத்யநாத் நிறுவனத்தின் சிவப்புப் பற்பொடி மருந்தல்ல, சாதாரண மக்கள் அதைப் பற்பொடியாகத்தான் பார்க்கிறார்கள் என்று 1995இல் நீதிமன்றம் சொன்னது. விக்கோ நிறுவனத்தின் பற்பொடி, மஞ்சள் கிரீம் தொடர்பான வழக்கில் 2004இல் வந்த தீர்ப்போ அவை மருந்துதான் என்றது. நீதிபதிகளுக்கே இத்தனை ஆராய்ச்சி தேவைப்பட்ட விஷயத்தில், மளிகைக் கடையில் நிற்கும் நுகர்வோர் ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பல்: பொடியில் ஆபத்து

இயற்கையின் பெயரால் அதிகம் சேதப்படுவது பல்தான். செங்காவி கலந்த பொடிகள், கரித்தூள், சாம்பல், கல் உப்பு எல்லாமே சொரசொரப்பானவை. தேய்க்கும்போது பல் பளிச்சிடும். ஆனால் அழுக்கோடு எனாமலும் தேய்கிறது. தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. குளிர்ந்த தண்ணீர் குடித்தாலே பல் கூசத் தொடங்கும்போதுதான் பலருக்கு விஷயம் புரிகிறது.

புகையிலை இன்னும் மோசம். புகையிலை கலந்த பற்பொடி, பற்பசைகளை மத்திய அரசு 1992இல் தடை செய்தது. உச்ச நீதிமன்றமும் 1997இல் தடையை உறுதி செய்தது. இருந்தும் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் 'குல்', மகாராஷ்டிரத்தில் 'மிஸ்ரி', ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் 'குடாக்கு' என்று பல் துலக்கும் பழக்கத்தோடு ஒட்டியே புகையிலை தொடர்கிறது. வீட்டுப் பெண்களும் இதற்கு விலக்கல்ல. பல்வலி மரத்துப்போவதை 'குணம்' என்று நம்புகிறவர்கள், அதே பொருள் வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பதை அறிவதில்லை.

வேப்பங்குச்சி, கருவேலங்குச்சி, வடநாட்டில் புழங்கும் மிஸ்வாக் குச்சி ஆகியவை தலைமுறைகளாக ஈறுகளுக்கு உதவியவைதான். நுனியை மென்று மெத்தென்று ஆக்கி, ஈறு கிழியாமல் தேய்த்தால் பயனுண்டு. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் வலியைத் தணிக்கும், சொத்தையை ஆற்றாது.

பல மூலிகைப் பற்பசைகளில் ஃபுளோரைடு இல்லை. அதையே பெருமையாக உறையில் போடுபவர்களும் உண்டு. பல் சொத்தையைத் தடுப்பதில் நன்றாக நிரூபிக்கப்பட்ட பொருள் ஃபுளோரைடுதான். இந்தியாவில் பற்பசையில் அது 1,000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது, அளவை உறையில் அச்சிட வேண்டும் என்பது விதி. நல்கொண்டா, தர்மபுரி, ராஜஸ்தானின் பல பகுதிகள் போலக் குடிநீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த இடங்களில் இருப்பவர்கள் பல் மருத்துவரைக் கேட்டு முடிவெடுப்பது நல்லது. எங்கிருந்தாலும் குழந்தைகள் பற்பசையை விழுங்கக் கூடாது.

முடி: கறுப்பு மருதாணி கிடையாது

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் மருதாணிக்குப் பெயர் பெற்ற ஊர். 2021இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே விளையும் இலை தருவது செம்பழுப்பு நிறம்தான். உலகின் எந்த மருதாணிச் செடியும் தனியாகக் கருகரு நிறத்தைத் தராது. நிறம் பிடிக்கவும் மணிக்கணக்கில் ஆகும்.

அப்படியானால் அரைமணி நேரத்தில் நரையைக் கறுப்பாக்கும் 'காலி மெஹந்தி' எப்படி? பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாராஃபினைலின்டையமின் என்ற ரசாயனம்தான் காரணம். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உச்சந்தலை அரிப்பு, முகவீக்கம், கொப்புளம் வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். இத்தகைய சாயப் பாக்கெட்டுகளில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும். அது பொடி எழுத்தில் இருக்கும், மருதாணி இலைப் படம் பெரிதாக இருக்கும்.

தலை கழுவுவதில் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் சோடை போகவில்லை. இரண்டிலும் உள்ள சபோனின்தான் அழுக்கை நீக்குகிறது. நுரை குறைவு என்பதால் சுத்தமாகவில்லை என்று அர்த்தமில்லை. கண்ணில் பட்டால் எரியும் என்பதும் உண்மை. ஷாம்புவில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டைப் பலர் பழிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதையும் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பாமாயிலிலிருந்தோ தயாரிக்க முடியும். 'தேங்காயிலிருந்து எடுக்கப்பட்டது' என்ற வாசகம் எதற்கும் உத்தரவாதமல்ல.

முடியின் புரதம் கரைந்துபோவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. கனிம எண்ணெய்க்கு அந்தத் திறன் இல்லை. ஆனால் மூலிகைத் தைலம் என்று விற்கும் பல பாட்டில்களில் முதலிடம் பிடிப்பது 'லைட் லிக்விட் பாரஃபின்'. அதாவது, அதே கனிம எண்ணெய்.

தோல்: இயற்கையும் சுடும்

துணியில் குறி போட வண்ணார் பயன்படுத்திய சேராங்கொட்டை முழுக்க முழுக்க இயற்கையானது. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிப்போகலாம். இயற்கை என்பதாலேயே ஒன்று சாது ஆகிவிடாது.

சோப்பு வாங்கும்போது மூலிகையின் பெயரைவிட டி.எஃப்.எம். என்ற எண் முக்கியம். இது கொழுப்புச் சத்தின் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தர டாய்லெட் சோப்பில் 76 சதவீதம் இருக்க வேண்டும். உறையில் 'பாத்திங் பார்' என்று இருந்தால் அது வேறு ரகம், அதில் 40 சதவீதமே போதும்.

சிவப்பழகு கிரீம்களில் கூடுதல் கவனம் தேவை. சில வாரங்களில் நிறம் மாறினால் மூலிகையின் மகிமை என்று மகிழ வேண்டாம். பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் இல்லாத கிரீமைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

வாங்கும் முன்

பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அழகுப் பொருட்களில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்கு வரிசையில் தர வேண்டும். உறையில் கொடிகட்டிப் பறக்கும் மூலிகை பட்டியலின் கடைசியில் பதுங்கியிருந்தால் அது வெறும் அலங்காரம். தயாரித்த தேதி, காலாவதித் தேதி இரண்டும் அவசியம். தண்ணீர் கலந்த எந்தப் பொருளும் பதப்படுத்தும் மருந்தில்லாமல் நெடுநாள் தாங்காது. 'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்பவர் எப்படி இரண்டு ஆண்டு ஆயுள் தருகிறார் என்று கேட்பது நியாயம்தான்.

புதிய பொருள் எதையும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் கஸ்தூரி மஞ்சளுக்கும் இது பொருந்தும்.

ஆதாரமில்லாமல் 'இயற்கை', 'ஆர்கானிக்' என்று சுற்றுச்சூழல் பெருமை பேசும் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் நெறிமுறைகளை வெளியிட்டது. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். தோலோ பல்லோ பாதிக்கப்பட்டிருந்தால் உறையையும் ரசீதையும் தூக்கி எறியாமல், அவற்றோடு மருத்துவரிடமும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் போக வேண்டும். புகார் நிற்பதற்கு அந்த உறைதான் சாட்சி.