சோழியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்

சீத்தா கேம்ப் வீட்டில் தாயம் ஆடும்போது, "தாத்தா, இதிலே ரெண்டு மட்டும் வேறே மாதிரி இருக்கே?" என்றாள் பேத்தி. ரயில்வேயில் அளவு பார்த்தே காலம் தள்ளிய எனக்கு இது கண்ணில் படவில்லை!

பெரும்பாலானவை பணச்சோழி, 1758-இல் லின்னேயஸ் 'மொனேட்டா' என்று பெயரிட்டது. மாலத்தீவிலிருந்து வங்காளத்துக்குக் காசாகவே போனது இதுதான். மஞ்சள் சாயல், ஓரம் கோணலாகப் புடைத்திருக்கும். அந்த இரண்டும் மோதிரச் சோழி: வழவழப்பான முட்டை வடிவம், முதுகில் பொன் வளையம். அளவை நம்பாதீர்கள், வாய்ப் பல்வரிசையும் இரண்டிலும் உண்டு.

முதுகு தேய்த்த சோழியில் வளையம் போய்விடும், ஓரம்தான் சாட்சி. ஆனால் புடைப்பு மங்கிய பணச்சோழியும் உண்டே! அம்மா ஊரிலிருந்து சுருக்குப்பையில் கொண்டுவந்தவற்றில் அப்படித் தேய்த்தது ஒன்று. அதை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.