வீடியோவின் தரமும் பொருள்களை இனங்காணலும்

வீடியோப் படம் பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. படத்திலுள்ள பிக்சல்களின் எண்ணிக்கை அதன் பிரிதிறனைக் காட்டும்.

உதாரணம்: நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர்த் திருவிழாவைப் படம்பிடிக்கும்போது, திரையின் அகலத்துள் 17.6 மீற்றர் அகலமான காட்சி அடங்குகிறது எனக் கொள்வோம். முன்னர் பாவனையிலிருந்த வீசீடி இறுவட்டில் கிடையாக 352 பிக்சல்களே உண்டு. எனவே ஒரு பிக்சல் 5 சென்ரிமீற்றரைக் குறிக்கும். 15 சென்ரிமீற்றர் அகலமான முகத்துக்கு 3 பிக்சல்களே கிடைக்கும். தேர் தெரியும், வடம் பிடிப்பவர் யாரெனத் தெரியாது. கிடையாக 1920 பிக்சல்கள் கொண்ட முழு எச்.டி. வீடியோவில் அதே முகத்துக்கு ஏறக்குறைய 16 பிக்சல்கள் கிடைக்கும். பழகிய முகமாயின் இனங்காண வாய்ப்புண்டு.

கோப்பின் அளவைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் நெருக்கலும் நுண்ணிய விபரங்களை நீக்கிவிடலாம்.

கவனிக்க: படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகளே பெரிதாகும், பதிவாகாத விபரம் தோன்றாது. மென்பொருள் தெளிவாக்கிக் காட்டுவதும் ஊகமே. ஆகவே, மங்கலான கமெராப் படத்தை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி எனச் சுட்டுதல் தவறாகும்.

பயிற்சி: காட்சியின் அகலம் 35.2 மீற்றராயின், வீசீடியில் அம்முகத்துக்கு எத்தனை பிக்சல்கள் கிடைக்கும்? (விடை: 1.5)